பின்னால் நில்லு

“லேசுத் துணியை எடுத்துக்கிட்டு வா, நெகேசா. கொஞ்சம் நடக்கணும்.”

வாசலில் ஆயர் கிலோன்சோ நின்றிருந்தார். ராணுவ ஆயரின் ஜீப் படைவீரர் குடியிருப்புக்குள் வந்தால், எல்லைக்கு அப்பால் போருக்குப் போன யாரோ ஒருவன் இனி திரும்ப மாட்டான் என்று அர்த்தம்.

சாதாரணப் பாதிரியாராக இதே முகாமுக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். சாவுச் செய்தி சொல்லத் தனியாகப் போகமாட்டார். கேட்கிறவள் விழுந்தால் தாங்கிப் பிடித்து, லேசுத் துணியைப் போர்த்தி அணைத்துக்கொள்ள இன்னொரு பெண் வேண்டும். ஆயராகி, தோளில் ஜெனரல் பட்டை ஏறிய பிறகும் அதை அவர் விடவில்லை. கணவனைப் பறிகொடுத்த நெகேசாவைத்தான் கூட்டிப்போவார். வாசலில் “பின்னால நில்லு” என்பார், அவ்வளவுதான்.

“யார் வீடு சாமி?”

“நட.”

வரிசை வீடுகளில் துணி துவைத்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. ஒருத்தி குழந்தையை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள்.

“இங்க நிக்காதீங்க சாமி! போயிடுங்க!” என்று உள்ளிருந்து அலறினாள்.

தாண்டியதும் அதே குரல் நெகேசாவின் முதுகில் பாய்ந்தது. “உனக்கென்னடி! உன் மகன் துப்பாக்கி பிடிக்கிறவனா? அகப்பை பிடிக்கிறவன்! நீ வீடு வீடாச் சாவு சொல்லிக்கிட்டுத் திரி!”

நெகேசாவின் மகன் சிமியு எல்லைக்கு அப்பால் முகாம் சமையலறையில் உகாலிக் களி கிளறுகிறவன்தான். அந்த நிம்மதியோடு இந்தப் பெண்களின் முகத்தைப் பார்க்க அவளுக்கே கூசும்.

“காலையில ஏதாவது சாப்பிட்டியா?” என்றார் ஆயர்.

“இப்ப அது எதுக்கு சாமி? யாருன்னு சொல்லுங்க. பயமா இருக்கு.”

அவர் நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு கதவாகக் கடந்துபோயிற்று. மிச்சம் ஒரே வீடு. செரோனோவின் வீடு. நெகேசாவே முன்னின்று கல்யாணம் செய்துவைத்த பெண்.

நெகேசா அவர் வழியை மறித்தாள். “இவ வேண்டாம் சாமி. சின்னப் பொண்ணு. இவ தாங்க மாட்டா.”

ஆயர் கதவைத் தட்டினார். “பின்னால நில்லு” என்று இந்த முறை அவளிடம் சொல்லவில்லை.

கதவைத் திறந்த செரோனோ, நிலையைப் பிடித்துக்கொண்டாள். உதடு கோணியது.

“என் கிப்ருட்டோவா? சொல்லுங்க சாமி, என் கிப்ருட்டோவா?”

அவர் சொல்வதற்கு முன்பே நெகேசா வழக்கம்போல அவளுக்குப் பின்னால் போய் நின்று, லேசுவை விரித்துப் பிடித்தாள்.

“உன் புருஷன் நல்லா இருக்கான்மா,” என்றார் ஆயர்.

“அந்த லேசுவை நீ வாங்கிக்க, செரோனோ. நெகேசாவுக்குப் பின்னால வந்து நில்லு.”