கைதானதுண்டா?

"விடுதலையான பிறகு எதுக்குடா பழசைக் கிளறணும்? 'இல்லை'ன்னு எழுது" என்றான் தாமு.

பெஹாலா பகுதியில் துர்கா பூஜைப் பந்தலில் நடந்த அடிதடியில் கிரிதரும் தாமுவும் சேர்ந்துதான் கைதானார்கள். கோர்ட்டும் ஒரே தீர்ப்பில் இருவரையும் சேர்த்தே விடுவித்தது; நகல் வாங்கி வைத்தது கிரிதர் மட்டும். இப்போது காலியாயிருந்த ஒரே ஓர் அரசு வேலைக்கு இருவரும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 'எப்போதாவது கைதானதுண்டா?' என்ற கேள்வியில் கிரிதரின் பேனா நின்றிருந்தது.

'இல்லை' என்று எழுதினான்.

"அந்த ஜட்ஜ்மென்ட் காப்பியையும் குடு, கிழிச்சுப் போட்டுடறேன். வீட்ல இருந்தா என்னிக்காவது வம்புதான்."

தீர்ப்பு வந்த அன்று அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்தடியில் வைத்த காகிதம் அது. எடுத்துக் கொடுத்தான்.

மூன்று மாதம் கழித்து, விண்ணப்பித்திருந்த அலுவலகத்தில் அதிகாரி சுந்தரராஜன் சார் உதட்டைப் பிதுக்கினார். "கேஸ் இருந்தது தப்பில்லப்பா, மறைச்சதுதான் தப்பு. போலீஸ் ரிப்போர்ட்ல வந்துடுச்சு."

"எனக்கு விடுதலை ஆயிடுச்சே சார்!"

"அதை எழுதியிருக்கணும். உன்கூட கைதான தாமு 'ஆம்'னு எழுதி, தீர்ப்பையும் இணைச்சிருந்தான். அவனுக்கு ஆர்டர் போயாச்சு."

மேசையில் தாமுவின் ஃபைல் திறந்து கிடந்தது. கிரிதர் எட்டிப் பார்த்தான்.

தீர்ப்பு நகலின் நான்கு மூலையிலும் மஞ்சள்.