தள்ளிப்போன முகாம்

மனைவி சொன்ன கதையை டிரைவர் பல வருஷமாக நம்பவில்லை. பிரபஞ்ச சக்தி சிகிச்சை முகாமுக்கு அவள் தயாரானதிலேயே இவருடைய கை சரியாகிவிட்டதாம். முகாமோ நடக்கவே இல்லை. ஆனால் கை சரியானது நிஜம். அதுதான் அவரைப் போட்டுப் படுத்தியது.

அப்போது அவருக்கு வலது தோள் இறுகிப் போயிருந்தது. சட்டை மாட்டவே இன்னொரு ஆள் வேண்டும். "கையைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டுங்க, பஸ்ஸைத் தர்றோம். இல்லேன்னா கேட்டுல உட்காருங்க" என்று டெப்போ டாக்டர் சொல்லிவிட்டார்.

பஸ்ஸை ஓட்டிய மனுஷன், மற்றவன் ஓட்டுகிற பஸ்ஸுக்குக் கேட் திறந்துவிடுவதா? நினைத்தாலே அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. பிசியோதெரபி செய்கிற பெண் கையைப் பிடித்துத் தூக்கியதும் "ஐயோ, அம்மா!" என்று அலறிவிட்டார்.

"சின்னப் பிள்ளைங்ககூட இப்படிக் கத்தாது சார்" என்றாள் அவள். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் கிளம்பி வந்துவிட்டார்.

"செத்தாலும் அங்க கால் வைக்க மாட்டேன்!"

அடுத்த வாரம் எங்கோ போய்விட்டு வந்த மனைவி, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, பிரபஞ்ச சக்தி முகாமுக்குப் பேர் கொடுத்திருக்கேன்."

"என்ன சக்தி?"

"பிரபஞ்ச சக்தி. கையை வச்சே குணப்படுத்தறது. முழுப் பலன் கிடைக்கணும்னா முன்னாடியே தயாராகணுமாம். காபியை விடணும். உடம்பு சரியில்லாத ஒரு ஆளை வச்சு காலையும் சாயங்காலமும் பழகணும்."

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"இந்த வீட்டுல வேற யாருக்கு வலிக்குது?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. "சரி, காட்டு உன் வித்தையை. ஒரு மண்ணும் நடக்காது. அப்பவாவது உனக்குப் புத்தி வரட்டும்."

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைத் தோளில் போட்டாள். "சக்தி நுழையற வழி இளகணும்."

மேஜையில் இடது கையை ஊன்றிக் குனியச் சொன்னாள். வலது கையைத் தொங்கவிட்டு ஆட்டச் சொன்னாள். "கெட்டதெல்லாம் விரல் வழியா சொட்டட்டும்."

கடைசியில் சுவர். விரல்களை எறும்பு மாதிரி ஊர்ந்து ஊர்ந்து ஏற்றவேண்டும். "சக்தி மேலதான் இருக்கு. எட்டிப் பிடிங்க."

"பிடிச்சாச்சு."

"எங்க? நேத்து இதுவரைக்கும் வந்தீங்க." சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். "இன்னைக்கு இன்னும் கொஞ்சம்."

"உயிர் போகுதுடி!"

"நல்லாக் கத்துங்க. இங்க யாரு இருக்கா சிரிக்க?"

அவர் கத்தினார். அவள் கண்ணை மூடி, இரண்டு உள்ளங்கைகளையும் அவர் தோளுக்கு மேலே குடை மாதிரி பிடித்தபடி நின்றாள்.

அந்த நேரம் பார்த்து அவருடைய அக்கா உள்ளே நுழைந்தாள்.

"என்னடா கூத்து இது? கட்டினவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போகத் துப்பில்ல, மந்திரவாதி வேலை பழகறாளா? உன் வேலை போச்சுன்னா இவ சக்தியா வந்து உலை வைக்கும்?"

"முகாம் முடியட்டும் அண்ணி" என்றாள் மனைவி. "உட்காருங்க, காபி கொண்டு வரேன்."

"உனக்கு?"

"நான் விட்டுட்டேன்."

"ரொம்ப முக்கியம்!"

டிரைவர் அக்கா பக்கம்தான் சாய்ந்தார். "நான் என்னக்கா பண்றது? தலையெழுத்தேன்னு சுவத்தைத் தடவிக்கிட்டு நிக்கறேன்."

முகாம் தேதி நெருங்கியது. மண்டபம் கிடைக்காமல் தள்ளிப் போய்விட்டது என்றாள். அடுத்த தேதிக்கு முன்னால், குருவுக்கு உடம்பு சரியில்லை என்றாள்.

"ஊரைக் குணப்படுத்தற குருவுக்கே உடம்பு சரியில்லையா!" விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே பனியனைத் தலைவழியாகக் கழற்றிக் கொடியில் போட்டார். தானாகவே கழற்றியது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது.

டெப்போ டாக்டர் முன்னால் கையை மேலே தூக்கிக் காட்டினார். பஸ் திரும்பக் கிடைத்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, மனைவி பெரிய டம்ளரில் காபியோடு உட்கார்ந்திருந்தாள்.

"முகாம் என்னாச்சு?"

"நடக்காதாம். விட்டுட்டாங்களாம்."

"அப்ப என் கை எப்படிச் சரியாச்சு?"

"தயாரானதுலயே பலன் வந்துடுச்சு போல" என்று சொல்லிவிட்டுக் காபியை ஊதினாள்.

"இரும்பு உடம்புய்யா, தானா சரியாயிடுச்சு" என்று டெப்போவில் சொல்லிக்கொண்டார். ஆனால் சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் மனசு குடையும். தானாகச் சரியாகிற வலியா அது? இல்லை, அவள் கையில் நிஜமாகவே ஏதாவது இருந்ததா? எதையும் நம்ப முடியவில்லை. கேட்டாலும் அவள் அதே பதிலைத்தான் சொன்னாள்.

ஓய்வுபெறுகிற வருஷம், கூட வேலை பார்த்த கண்டக்டருக்குத் தோள் இறுகிப் போனது. தனியாகப் போகப் பயந்தார். டிரைவர் துணைக்குப் போனார், அதே ஆஸ்பத்திரிக்கு.

கண்டக்டரை உள்ளே கூட்டிப்போனார்கள். கதவு பாதி திறந்திருந்தது. டிரைவர் சும்மா எட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலிக்குத் திரும்பவே இல்லை. உள்ளே எல்லாம் முடிகிறவரை கதவோரமே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி எதிரில் போய் உட்கார்ந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணுகிட்ட நீ போய்க் கத்துக்கிட்டு வந்ததுதான் அதெல்லாம்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் செஞ்சிருக்க மாட்டேனா?"