துக்க வீட்டுக்கு முட்டை

"முட்டையேதானுங்க அம்புஜமக்கா. வேக வெச்ச முட்டை. நம்ப மாட்டேங்கறீங்களே, எங்கண்ணு நல்லாத்தான் தெரியுதுங்க. போன மாசந்தானே ஆபரேசன் பண்ணுனது. அந்த டாக்டரு இருக்காரே, அவரு சம்சாரம் நம்ம கணபதி ஊர்க்காரிதானுங்க..."

வாசல்ல பக்கத்து ஊட்டு அம்புஜத்துக்கிட்டப் பேசிட்டிருந்த பூவாத்தாள், டாக்டர் சம்சாரத்தைப் பாதியில விட்டுப்போட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

தம்பி மகன் தீபக், சூலூர் ரோட்டுல பைக்கோட விழுந்து செத்து அஞ்சு நாள். காரியம் முடியற வரைக்கும் கவிச்சி ஆகாத ஊடு. அங்கே, மாடியில குடியிருக்கற எலியாகு கிண்ணம் நிறைய முட்டையோட தரையில உக்காந்திருந்தாரு.

"யூதருங்களாம். பூர்வீகம் கொச்சி. தமிழ் நல்லாவே பேசுவாருங்க. அஞ்சு நாளா வாராரு, உக்காராரு, போறாரு. எப்படியாச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கோணுமில்லீங்க?"

மத்தவங்க அத்தனை பேரும் கேட்டாங்க. லாரி, ஹெல்மெட், ஆஸ்பத்திரின்னு பூவாத்தாள்தான் ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து சொன்னாள். பக்கத்துல பெத்தவ செல்லாத்தாள். அவ வாயில அஞ்சு நாளா பேச்சும் இல்ல, சோறும் இல்ல. இவளும் போய்ச் சேர்ந்துருவாளோன்னு பூவாத்தாளுக்கு ஒரே பயம்.

"இனி வர வேண்டாம்னு சொல்லிப்போட்டு வாரேனுங்க."

உள்ளே கால் வெச்சாள்.

"தீபக்குக்கு முட்டைன்னா உசுருங்க."

பேசுனது செல்லாத்தாள்.

"எத்தனை சாப்பிடுவான்?" எலியாகு அன்னைக்குத்தான் வாயைத் திறந்தாரு.

"அஞ்சு. மஞ்சக்கருவை மட்டும் என் தட்டுல தள்ளிருவான், கள்ளன்." சொல்லிக்கிட்டே ஒரு முட்டையைப் புட்டு வாயில போட்டாள்.

பூவாத்தாளுக்கு ஒண்ணுமே புரியல. "ஏனுங்க, இத்தனை நாளா ஊமையாட்டம் இருந்தீங்களே?"

"எங்க வழக்கமுங்க அக்கா. துக்கப்பட்டவங்க பேசற வரைக்கும் வந்தவங்க பேசக் கூடாது. அவங்களுக்கு முட்டை கொடுக்கறதும் வழக்கந்தான்."

செல்லாத்தாள் தலை நிமிந்தாள். "வந்தவங்கெல்லாம் எம்பையனை ஆளுக்கு ஒருக்கா சாகடிச்சுப்போட்டுப் போனாங்க. இவரு ஒருத்தருதான் சாகடிக்கலீங்க."

பூவாத்தாள் முட்டைக் கிண்ணத்தைச் செல்லாத்தாள் பக்கமா நகர்த்தி வெச்சாள்.

வாசல்ல கார் வந்து நின்னுது. பவானியில இருந்து வந்த சொந்தம். செருப்பைக் கழட்டறதுக்குள்ளேயே கேட்டாங்க.

"எப்படி அம்மணி ஆச்சு?"

லாரி நம்பர் வரைக்கும் நாக்கு நுனியில வந்து நின்னுது.

"மானசா," பூவாத்தாள் உள்ரூமுல இருந்த தன் மகளைக் கூப்பிட்டாள். "இவங்க உக்கார ஜமக்காளம் கொண்டா கண்ணு."