சீஸ் சீவி எங்கே இருக்கிறது?

"சீஸ் சீவி எந்த டிராயர்ல இருக்கும்? யோசிக்காம சொல்லு!"

ரொட்டித் துண்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்டாள் லிஸ்பெத். செகுண்டோ கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"இடது பக்கம், மேல் டிராயர். கரண்டிங்களோட."

"சபாஷ்! அப்புறம் ஏன் அதைக் கைத்துண்டு டிராயர்ல கொண்டுபோய்ப் போடறே?"

"போடறது என் கை. பதில் சொல்றது வாய். ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது."

லிஸ்பெத்துக்குக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது.

பத்து மணிக்கு அதிகாரி வீட்டுக்கே வரப்போகிறார். இருவரும் நிஜமாகவே புருஷன் பெண்டாட்டிதானா, இல்லை அனுமதிக்காக ஆடும் நாடகமா என்று சோதிப்பதற்கு. பதில் பிசகினால் குடியிருப்பு அனுமதி கிடைக்காது, எக்வடோருக்கு விமானம் ஏற வேண்டியதுதான் என்பது செகுண்டோவின் பயம். கல்யாணத்துக்கு வாங்கிய நீலக் கோட்டை எழுந்ததுமே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வயிற்றருகே பொத்தான் எட்டவில்லை.

"முடியாதுன்னுட்டா? மாணவர் விசா கேக்கலாமா?"

"எந்தக் கல்லூரி உன்னைச் சேர்த்துக்கும்? ஒரே கணக்குப் பரீட்சைக்கு மூணு தடவை போனவன் நீ."

"வேலை விசா?"

"அதுக்கு முதலாளி எழுதித் தரணும். உன் முதலாளி லீவு லெட்டர்ல கையெழுத்துப் போடவே ஒரு வாரம் யோசிப்பாரு."

"பேசாம டென்மார்க்குக்கே போயிடலாமே. உன் சொந்த ஊருதானே?"

"அய்யோ, மறுபடியும் முதல்லேர்ந்தா!"

உப்பு ஜாடியை ஒரு பக்கமும் மிளகு ஜாடியை மறுபக்கமும் வைத்து, நடுவே வெண்ணெய்க் கத்தியைப் பாலமாகக் கிடத்தினாள்.

"இது கோபன்ஹேகன். அங்க நான் உள்ளூர்க்காரி. உள்ளூர்க்காரி வெளிநாட்டுப் புருஷனைக் கூட்டிட்டு வந்தா ஆயிரம் நிபந்தனை. இது மால்மோ. பாலத்தைத் தாண்டினா ஸ்வீடன். இங்க நான் ஐரோப்பாவுக்குள்ளயே இடம் மாறி வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரி. வெளிநாட்டுக்காரின்னா புருஷனைக் கூடவே வச்சுக்க உரிமை உண்டு."

"அதாவது, சொந்த வீட்டுல இருந்தா புருஷன் கிடையாது. பக்கத்து வீட்டுக்குக் குடிபோனா உண்டு."

"அதேதான்."

"இந்தச் சட்டத்தை எழுதினவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது, லிஸ்பெத்."

மணி அடித்தது. செகுண்டோ துள்ளி எழுந்ததில் கோபன்ஹேகன் கவிழ்ந்து உப்பு கொட்டியது.

வந்த அம்மாளுக்கு நரைத்த முடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி. கையில் கோப்பும் ஒரு ரப்பர் முத்திரையும் இருந்தன. விருந்தாளிக்கு ஏழு வகை வைக்கும் ஸ்வீடன் வழக்கப்படி பிஸ்கட்டுகள் அடுக்கிய தட்டை லிஸ்பெத் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இது லஞ்சமா?" என்றார் அதிகாரி விறைப்பாக.

"இல்லீங்க மேடம், மரியாதை" என்றாள் லிஸ்பெத்.

"ஏழும் இருக்கா? அப்ப சரி. ஆறு வச்சிருந்தா அவமரியாதைன்னு எழுதியிருப்பேன்."

முதல் கேள்வி வந்தது. "குறட்டை விடறது யாரு?"

"இவன்!" "இவ!" என்று இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் வந்தன.

"ஒத்துப்போகுது" என்று எழுதிக்கொண்டார் அதிகாரி. "சண்டை வந்தா முதல்ல பேசறது யாரு?"

"நான்தான்" என்றான் செகுண்டோ. "இவ டேனிஷ்ல சண்டை போடுவா, எனக்குப் பாதி புரியாது. முடிஞ்சுதா இல்லையான்னு கேக்கறதுக்காகவாவது பேசித்தானே ஆகணும்?"

அதிகாரி சிரிப்பைப் பிஸ்கட்டோடு சேர்த்து விழுங்கினார். "கடைசிக் கேள்வி. சீஸ் சீவி எங்க இருக்கு?"

செகுண்டோ பள்ளிப் பிள்ளைபோல எழுந்து நின்றான். "இடது பக்கம், மேல் டிராயர்!"

"கைத்துண்டு டிராயர்ல" என்றாள் அதே நொடியில் லிஸ்பெத்.

அவன் முகம் வெளுத்தது. "அடிப்பாவி, காட்டிக் குடுத்துட்டியே! நான் மனப்பாடம் பண்ணினது எல்லாம் போச்சா?"

"நான் என்ன செய்ய? அது அங்கதானே இருக்கு!"

அதிகாரி எழுந்தார். நேராக மூன்றாவது டிராயரைத் திறந்து, கைத்துண்டுகளை விலக்கி, சீஸ் சீவியை எடுத்து உயர்த்திக் காட்டிவிட்டு அங்கேயே திரும்ப வைத்தார்.

"நாடகம் ஆடறவங்க பதில் ஒண்ணுபோல இருக்கும். இவர் உங்க வழக்கத்தைச் சொன்னாரு, நீங்க இவர் வழக்கத்தைச் சொன்னீங்க. புருஷன் பெண்டாட்டிதான். அனுமதி வழங்கப்படுகிறது!"

டக்கென்று முத்திரை விழுந்தது.

செகுண்டோ கூவினான். லிஸ்பெத்தைத் தூக்கிச் சுற்றப் பார்த்தான், இடுப்பு பிடித்துக்கொண்டது, தூக்காமலே சுற்றினான். "நான் இருக்கலாம்! போக வேண்டாம்! லிஸ்பெத், நான் இங்கயே இருக்கலாம்!" கோட்டின் கடைசிப் பொத்தானும் தெறித்து மேசைக்கடியில் ஓடியது. லிஸ்பெத் சிரித்துச் சிரித்து நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வாசலில், மிச்சப் பிஸ்கட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு நீட்டினாள் லிஸ்பெத். அதிகாரி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நாளைக்கும் பத்து மணிக்குத்தானே, லிஸ்பெத்?"

"ஆமா குன்வோர். முத்திரையில மை தீர்ந்துபோச்சு போல, வாங்கி வைக்கிறேன்."

நிஜமான அதிகாரி நிஜமான முத்திரையைக் குத்தி இருபத்திரண்டு வருடங்கள் ஆகியிருந்தன; அதற்குப் பிறகு நடந்த எதுவும் நினைவில் தங்காத செகுண்டோவுக்காக, மேல்மாடி குன்வோர் தினமும் படியிறங்கி வந்து இந்த நாட்டில் இருக்க அனுமதி கொடுத்தாள். மறுநாள் பத்து மணிக்கு அவன் உயிரோடு இல்லை. சீஸ் சீவி இன்றும் கைத்துண்டு டிராயரில்தான் இருக்கிறது.