கூப்பிடாத குருவி

“ரெண்டரை வயசாகுதுங்க மேடம். இன்னும் ஒரு வாட்டிகூட என்னை அம்மான்னு கூப்பிடலை.”

நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டாள் அந்தப் பெண். பக்கத்து அறை வரைக்கும் கேட்டிருக்கும், அவ்வளவு சத்தம். விசைத்தறி மில்லில் வேலை. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே தொண்டை இப்படி ஆனவர்களை, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அந்த அம்மாள் நிறையப் பார்த்திருக்கிறார்.

குழந்தை இடுப்பிலிருந்து சறுக்கி இறங்கி, மூலையில் கிடந்த பிளாஸ்டிக் கிண்ணங்களை நோக்கி நேராகப் போனது. வகிடெடுத்துச் சீவிய தலை, தேய்த்துப் போட்ட சட்டை. செல்லமாக வளர்கிற பிள்ளை என்று பார்த்ததுமே தெரிந்தது.

“பேரு பெருசா ஒண்ணு இருக்கு. கூப்பிடுறது குருவின்னுதான். கைக்குழந்தையா என் மடிக்கு வந்தா. எனக்குக் கல்யாணம் ஆகலைங்க. தனியாத்தான் தத்தெடுத்தேன்.” யாரும் கேட்பதற்குள் சொல்லிவிடுவதே அவளுக்குப் பழகிப் போயிருந்தது.

“வீட்டுல வேற யாரும்மா?”

“நானும் இவளுந்தான். பகல்ல மில்லு காப்பகத்துல விட்டுருவேன்.”

“அங்க பேசுறாளாமா?”

“அங்க இருக்கிற ஆயாம்மா எதைச் சொன்னாலும் வாய்க்குள்ளயே மென்னு முழுங்குவாங்க. ஊமைக் கோட்டான் மாதிரி உக்காந்திருக்கான்னு சொன்னதா எனக்கு விளங்குச்சு.”

“ஏதாவது வேணும்னா எப்படிக் கேப்பா?”

“கேக்கிறது எங்க? முன்னாடி வந்து நின்னு, என் தாடையைப் பிடிச்சு மூஞ்சியை அவ பக்கம் திருப்புவா. அப்புறம் கையைக் காட்டுவா.”

பயிற்சியாளர் குனிந்து எழுதிக்கொண்டே, “ராத்திரி நல்லாத் தூங்குவாளா?” என்றார்.

பதில் வரவில்லை. நிமிர்ந்தார். அந்தப் பெண் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிரம்பியிருந்தது. பாவம், எந்த யோசனையில் இருக்கிறாளோ என்று நினைத்து, மறுபடி கேட்டார்.

“தூக்கத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லைங்க.” பிறகு அவளாகவே ஆரம்பித்தாள். “எங்க அண்ணி அன்னைக்கே சொன்னாங்க. வயித்துக்குள்ள இருந்து கேட்ட குரலுக்குத்தான் பிள்ளை அம்மான்னு திரும்பும், ஊரான் பிள்ளை உனக்கு எப்படி ஒட்டும்னு. நான் மல்லுக்கு நின்னு, பேச்சுவார்த்தையே வேண்டாம்னு வந்துட்டேன். இப்ப அவங்க வாய் முகூர்த்தம் பலிச்சிருச்சு.”

“அதெல்லாம் மனசுல போட்டுக்காதீங்க. கைக்குழந்தையா தத்துப் போன பிள்ளைங்க எத்தனையோ பேர் இந்தப் பாய்ல விளையாடியிருக்காங்க. சிலது பேச்சுல கொஞ்சம் பின்தங்கும், அப்புறம் ஓடிப் போய் மத்ததுகளை எட்டிப் பிடிச்சிரும். பெத்தவளா, எடுத்தவளான்னு பிள்ளை நாக்குக்குத் தெரியாதும்மா. நாம பேசணும், அது ஏதாவது சொன்னா நாம பதில் சொல்லணும். அவ்வளவுதான் விஷயம்.”

“நான் பேசாத நேரமே கிடையாதுங்க. சமைக்கிறப்ப, குளிப்பாட்டுறப்ப, துணி மடிக்கிறப்பன்னு தொணதொணன்னு பேசிக்கிட்டேதான் இருப்பேன். தறி ஓட்டுறது எப்படின்னுகூடச் சொல்லிக் குடுத்துட்டேன்.” சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

பயிற்சியாளர் எழுந்து போய், குழந்தைக்குப் பின்னால் நின்று சின்ன மணியொன்றை லேசாக அசைத்தார். குழந்தை சட்டென்று திரும்பி, மணியைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. அதை மடியில் உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு தன் இடத்துக்கு வந்தார்.

“பாம்புக் காதும்மா உங்க பொண்ணுக்கு. நாக்கு, அண்ணம் எல்லாம் சுத்தமா இருக்கு. பிள்ளைகிட்ட ஒரு குறையும் இல்லை.”

சந்தோஷப்பட வேண்டியவளின் முகம் விழுந்துவிட்டது.

“அப்ப குறை எங்கிட்டதான் இருக்கு” என்றாள். “காது கேக்காதுன்னு நீங்க சொல்லியிருந்தாக்கூட மனசைத் தேத்திக்கிட்டுப் போயிருப்பேன் மேடம். எல்லாம் நல்லாருந்தும் கூப்பிட மாட்டேங்கிறான்னா, என்னைப் பாத்தா அவளுக்கு அம்மாவாத் தோணலைன்னுதானே அர்த்தம்?”

“அப்படியெல்லாம்...”

“இல்லைங்க, எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளை அவங்க அம்மா பின்னாலயே கத்திக்கிட்டு ஓடும். நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். இவளைப் பெத்தவ எங்க இருக்காளோ. அவ வந்து நின்னாக் கூப்பிட்டிருவாளோன்னுகூட நினைச்சுப்பேன்.”

அவள் முதுகுக்குப் பின்னால், பாயில், குழந்தை கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முடித்திருந்தது. அதன் கழுத்து உயரத்துக்கு வந்திருந்தது கோபுரம். பெருமையாகத் திரும்பிப் பார்த்தது.

“அம்மா.”

தெளிவாக, அழகாக வந்தது சொல். பயிற்சியாளரின் பேனா நின்றது. ஆனந்தமாக அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

“அம்மா... அம்மா!” குழந்தை இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டது. சற்றுக் காத்திருந்தது. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. நெடுநாள் பழக்கம்போல் தானாகவே திரும்பிக்கொண்டு, கோபுரத்தைக் கலைக்க ஆரம்பித்தது.

பயிற்சியாளர் மெல்லக் கையை உயர்த்தி, உதடு தெரியாதபடி வாயை மறைத்துக்கொண்டார்.

“உங்க பொண்ணு உங்களைத்தாம்மா கூப்பிடுறா” என்றார், வழக்கமான குரலில்.

அந்தப் பெண் ஈரக் கண்களோடு நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

“என்னங்க மேடம், நான் பாட்டுக்குப் புலம்பிக்கிட்டிருக்கேன், நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறீங்க?”