நடுவில் புகுந்த கீச்சு

பேக்பைப் என்னும் காற்றுப்பை வைத்த குழல்வாத்தியம் பழகத் தொடங்கியிருந்த ஒருவரின் வலது கையில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது விரல்கள் ஒன்றாக எழ வேண்டும். ஒன்று பிந்தினாலும் நடுவில் 'கீச்' என்று வேண்டாத சத்தம் புகுந்துவிடும். பை நிறையக் காற்று இருப்பதால் அது தெருவுக்கே கேட்கும்.

கீச்சு வந்தபோதெல்லாம் மோதிரவிரல், "எல்லாம் இந்தப் பொடியனாலதான்" என்றது. சுண்டுவிரலும், "மன்னிச்சிருங்கண்ணே" என்று தலைகுனிந்தது.

ஒருநாள் சுண்டுவிரல் கதவிடுக்கில் நசுங்கியது. கட்டுப் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றது. அன்றைய பயிற்சியிலும் கீச்சு வந்தது. மற்ற விரல்களெல்லாம் மோதிரவிரலைத் திரும்பிப் பார்த்தன. அதற்குக் குழலின் துளைக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

கட்டு அவிழ்ந்ததும் சுண்டுவிரல் தயங்கித் தயங்கி வந்தது. "அண்ணே, நான் இல்லாதப்ப சுத்தமா வாசிச்சிருப்பீங்கல்ல?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் மோதிரவிரல் நினைத்தது. எப்படித் தொடங்குவது என்று அது குமைந்துகொண்டிருக்கும்போதே வாசிப்பு ஆரம்பித்துவிட்டது. அந்த யோசனையில் அது மறுபடியும் பிந்தியது.

கீச்!

"மன்னிச்சிருங்கண்ணே" என்றது சுண்டுவிரல்.