வாட்ச் கட்டிய கை

கையை மட்டும் வெட்டித் தர முடியுமா என்று அம்புஜவல்லி கேட்டாள்.

மாரிச்செல்வத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் கம்பத்திலிருந்து கழற்றித் தரையில் போட்டிருந்த விளம்பரப் பேனரைத்தான் அந்த அம்மாள் காட்டுகிறாள் என்று அப்புறம்தான் புரிந்தது.

தூத்துக்குடியில் அந்தப் பேனரைப் பார்க்காதவர்கள் குறைவு. புதிதாகத் திறந்த வாட்ச் ஷோரூமுக்கு எதிரே ஆவணியில் ஏற்றியது. அந்த நடிகை ஒரு பையை மாட்டினால், ஒரு கண்ணாடியைப் போட்டால், எந்தக் கம்பெனி, என்ன விலை என்று மறுநாளே பேப்பரில் வந்துவிடும். பேனரில் அவள் தோள் தெரியும் கவுன் போட்டு, இடது கையை முன்னால் நீட்டி வெளிநாட்டு வாட்ச் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தாள். காலேஜ் பெண்கள் கீழே நின்று அதே மாதிரி கையை நீட்டி செல்ஃபி எடுத்தார்கள்.

முகம்தான் நடிகையுடையது. தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஜான்ஹவி.

ஜான்ஹவி, அம்புஜவல்லியின் ஒரே மகள். மும்பையில் அப்படி ஒரு வேலை இருக்கிறது. மோதிரம், வளையல், வாட்ச், கைப்பை எல்லாவற்றையும் அழகான கை உள்ள ஒருத்திக்கு மாட்டிப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் பெரிய நடிகையின் முகத்தோடு சேர்த்துவிடுவார்கள். கை யாருடையது என்று வெளியே தெரிந்தால் அதோடு பிழைப்புப் போயிற்று. அதனால் ஸ்ரீவைகுண்டம் சன்னதித் தெருவில் யார் கேட்டாலும் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் வேலை என்றே அம்மா சொல்லிவந்தாள். கட்டியவரிடம்கூட மூச்சுவிடவில்லை. பெருமாள் மேல் ஆணையிட்டு மகளுக்குக் கொடுத்த வாக்கு.

அவரும் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இந்தப் பேனரைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்ன வயதில் ஆசாரியர் ஹோமத் தீயில் காய்ச்சிய சங்கு முத்திரையை அந்த இடது தோளில் ஒற்றியபோது மகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். ஆனால் அந்தத் தழும்பைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டிருந்தார்கள். அழித்த இடம் கொஞ்சம் வெளுத்திருந்தது. பெற்றவள் கண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது.

வாராவாரம் எதையாவது வாங்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறி வருவாள். எதிர்சாரியில் ஜூஸ் கடை நிழலில் நின்று கண் நிறையப் பார்த்துவிட்டுப் போவாள். இன்றைக்கு வந்தால் பேனர் மண்ணில் கிடக்கிறது.

கையை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று மாரிச்செல்வம் கேட்டான். வாயில் வந்ததைச் சொன்னாள். மாடியில் வத்தல் காயப்போட.

அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

பேனரைக் கேட்டு வைத்திருந்த உப்பளக்காரர் பொன்னுதுரை லோடு ஆட்டோவோடு வந்து நின்றார். ஐப்பசி மழை இறங்குவதற்குள் உப்பு அம்பாரத்தை மூட வேண்டும். அவருக்கு அது முழுசாகத் தேவை.

“நடுவுல ஓட்டை போட்டா மழைத்தண்ணி எறங்கி உப்பு பூரா கரைஞ்சிரும்லா. வத்தலுக்குத்தானம்மா, அங்கன டியூஷன் சென்டர் பேனர் ஒண்ணு கெடக்கு. கிழிசலே கெடையாது, எடுத்துக்கோங்க.”

நல்ல மனிதர். அதுதான் கஷ்டமாகப் போய்விட்டது. மோசமான ஆளாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மாரிச்செல்வம் ஓடிப்போய் அந்த இன்னொரு பேனரைத் தூசி தட்டி எடுத்துவந்து அவளிடம் நீட்டினான். நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகள் அதில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என் பெண்ணோட கை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொன்னுதுரை மறுபேச்சு பேசாமல் கத்தியை எடுத்திருப்பார். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் ஆணை ஆணைதானே. வாங்கிக்கொண்ட மகளே விட்டுக்கொடுத்தால்தான் உண்டு.

பொன்னுதுரையும் மாரிச்செல்வமும் பேனரைச் சுருட்டத் தொடங்கினார்கள். அம்புஜவல்லி சட்டென்று குனிந்து, கை இருந்த பக்கத்தில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள். துடைக்கும்போதே அழுகை வந்துவிட்டது. நடுரோடு என்றும் பார்க்காமல் அழுதாள்.

வத்தலுக்காக யாரும் அழ மாட்டார்கள் என்று பொன்னுதுரைக்குத் தெரியாதா என்ன. காரணம் கேட்கத்தான் கூச்சமாக இருந்தது. சுருளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஏம்மா, படம் மேல தெரியுத மாதிரி மூடவா, உள்பக்கமா போட்டு மூடவா? நீங்க எப்படிச் சொல்லுதியளோ அப்படியே செஞ்சிருதேன்.”

மேலே போட்டால் வெயில். உள்ளே போட்டால் உப்பு.

லீவுக்கு வந்தால் கோவிலுக்குப் போகக்கூட ஜான்ஹவி முழங்கை தாண்டி உறை மாட்டிக்கொள்வாள். கரண்டி இல்லாமல் ஊறுகாய் ஜாடியைத் தொட மாட்டாள். வெயில் பட்டால் கறுத்துவிடும், உப்புப் பட்டால் தோல் வறண்டுவிடும், அப்புறம் என்னை யார் கூப்பிடுவார்கள் என்பாள். பெரிய மகாராணி என்று அம்மா ஏசுவாள். ஏசிவிட்டுத் தட்டைப் பிடுங்கித் தானே கழுவி வைப்பாள்.

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பொன்னுதுரை பதிலுக்காகக் காத்து நின்றார்.

ஆனியிலேயே, மும்பையில், ஜான்ஹவியோடு சேர்த்து அந்தக் கையையும் தீயில் வைத்தாகிவிட்டது. ஆனாலும் வெயிலில் போடுங்கள் என்றோ உப்பில் போடுங்கள் என்றோ சொல்ல அம்புஜவல்லிக்கு வாய் வரவில்லை.